நாய்ச் சங்கிலியா, மாட்டுச் சங்கிலியா? மலைக்காற்றில் ஒரு டிஸ்க் கோல்ஃப் கூடை

எட்டு மீற்றர் தூரத்தில் நின்று என் அக்காவின் மகள் கூடையை நோக்கித் தட்டை, அதாவது காற்றில் சுழற்றி எறியும் பிளாஸ்டிக் வட்டத்தட்டை, விட்டாள். ஆடாமல் அசையாமல் நேராகப் போய்க் கூடையில் தொங்கும் சங்கிலிகளின் நடுவில் பட்டது. சலார் என்று சத்தமும் கேட்டது. கைதட்ட நாங்கள் கையைத் தூக்கிவிட்டோம். ஆனால் வாசல் திரையை விலக்கிக்கொண்டு ஆள் வருவது போல, தட்டு சங்கிலிகளை விலக்கிக்கொண்டு மறுபக்கத்தால் வெளியே வந்தது. நிலத்தில் விழுந்து, விளிம்பில் நின்று உருண்டு, மைதானத்தின் ஓரத்தைத் தாண்டி ஆறாம் நம்பர் மலைத் தேயிலைக்குள் இறங்கிவிட்டது. “மாமா, நான் பிழையா எறிஞ்சேனா?” என்று கேட்டாள்.

அவள் எறிந்ததில் ஒரு பிழையும் இல்லை. அதற்குப் பிறகு அவள் எறிந்த விதம்தான் எனக்குக் கவலை தந்தது. வேகத்தைக் குறைத்தாள். தட்டை மேலே தூக்கி, பூவைப் போடுவது போல மெல்லப் போட ஆரம்பித்தாள். அப்படிப் போட்டால் அந்தக் கூடை ஏற்றுக்கொண்டது. இரண்டே வாரத்தில் அவளுடைய கை மாறிவிட்டது. கூடை எதை ஏற்றுக்கொள்கிறதோ அதைத்தான் கை பழகும். இப்போது எங்கள் தோட்டத்து இளைஞர் கழகத்தின் கையில் கொஞ்சம் காசு சேர்ந்திருக்கிறது, நிரந்தரமாக ஒரு கூடை வைக்கலாமா என்று பேசுகிறோம். விலையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அந்தக் கூடை பிள்ளைகளின் பட்டிங்கை, அதாவது கூடைக்குள் போடும் கடைசி எறிதலை, என்ன செய்யும் என்பதை யாராவது எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. கோல்ஃபில் பந்தும் குழியும் போல, இதில் தட்டும் கூடையும். கூடை என்றால் ஒரு கம்பம், மேலே ஒரு வளையம், அதிலிருந்து தொங்கும் சங்கிலிகள், அடியில் ஒரு தொட்டி. நுவரெலியாவில் 1889 இலிருந்து கோல்ஃப் மைதானம் இருக்கிறது, அதனால் கோல்ஃப் என்றால் என்ன என்று மலையகத்தில் விளக்கத் தேவையில்லை. தூரத்திலிருந்து எறிந்து எறிந்து கிட்ட வந்து, கடைசியாகக் கூடைக்குள் போடும் எறிதல்தான் பட்டிங். கூடையிலிருந்து 10 மீற்றருக்குள் நின்று போடும்போது, தட்டை விட்டபின் முன்னால் கால் வைத்துத் தடுமாறக் கூடாது, நிலையாக நின்று காட்ட வேண்டும். தட்டு மேல்வளையத்துக்கும் தொட்டியின் விளிம்புக்கும் இடையால் உள்ளே போய் அங்கேயே நிற்க வேண்டும். கூடையின் தலைமேல் போய் உட்கார்ந்தால் கணக்கில்லை.

1970களில் கலிபோர்னியாவில் இந்த விளையாட்டை ஒழுங்குபடுத்திய எட் ஹெட்ரிக், முதலில் வெறும் கம்பங்களைத்தான் இலக்காக நட்டார். தட்டு கம்பத்தில் பட்டதா, படவில்லையா என்று ஒவ்வொரு முறையும் வாக்குவாதம் வந்தது. அதைத் தீர்க்கத்தான் கம்பத்தைச் சுற்றிச் சங்கிலியைத் தொங்கவிட்டு அடியில் தொட்டி வைக்கும் யோசனை பிறந்தது. 1977 இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. ஆக, பறந்து வரும் தட்டின் வேகத்தை வாங்கி அதைத் தொட்டிக்குள் விழவைப்பதற்காகவே சங்கிலி வந்தது. இந்த வேலையை எது ஒழுங்காகச் செய்கிறது என்றுதான் நாம் பார்க்க வேண்டும்.

எங்கள் முன்னால் இருக்கும் வழிகள் மூன்று. வெளிநாட்டிலிருந்து நிரந்தரக் கூடை ஒன்றை எடுப்பிப்பது ஒன்று. இப்போது இருப்பதைப் போல இன்னும் இரண்டு மடக்குக் கூடைகளை வாங்குவது மற்றொன்று. மூன்றாவது, பண்டாரவளையில் ஒரு வெல்டிங் கடையில் நாமே செய்விப்பது. ஒடுங்கிய பயிற்சிக் கூடை ஒன்று வாங்கலாம் என்றும் ஒரு தம்பி சொன்னார். அதை இங்கேயே முடித்துவிடுகிறேன். ஒடுங்கிய கூடை குறியைக் கூர்மையாக்கும், உண்மைதான். ஆனால் சாதாரணக் கூடை ஏற்றுக்கொள்ளும் நல்ல எறிதல்களையும் அது தள்ளிவிடும். கை உறுதிப்பட்டவர்களுக்கு அது நல்லது, இப்போதுதான் பழகும் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

மற்ற மூன்றையும் பார்க்கும் முன் எங்கள் இடத்தைச் சொல்ல வேண்டும். ஹப்புத்தளைப் பக்கம், 1,400 மீற்றருக்குக் கிட்டிய உயரம், மலை முதுகில் வெட்டிய மைதானம். மத்தியானம் திரும்பினால் தெற்குப் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறும், அதோடு காற்றும் வரும். ஆனி ஆடியில் கச்சான் காற்று அடித்தால் லயத்துத் தகரம் இரவு முழுவதும் தடதடக்கும். இந்தக் காற்றில் மெல்லத் தூக்கிப் போடும் தட்டு என்ன ஆகும்? அதன் வயிற்றுப் பக்கத்தில் காற்று பிடித்துக் கூடைக்கு மேலால் தூக்கிக்கொண்டு போகும், அல்லது பக்கத்தில் தள்ளிவிடும். இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தை விட எட்டில் ஒரு பங்கு குறைவு. காற்றில்லாத காலையிலும் தட்டு மிதப்பது கொஞ்சம் குறைவாகவே இருக்கும். அதனால் இங்கே சுழற்றி, உறுதியாக, தட்டையான பாதையில் போடுகிறவனுக்குத்தான் பிழைப்பு. மெல்லப் போடும் பட்டிங் மரம் சூழ்ந்த, காற்றடங்கிய இடத்துக்கு அழகானது. அதை நான் குறை சொல்லவில்லை. எங்கள் மலை முதுகு அதற்கு ஏற்ற இடமில்லை.

ஆனால் உறுதியாகப் போடுவதற்கு ஒரு விலை உண்டு. தவறினால் தட்டு கூடையைத் தாண்டிச் சரிவில் உருளும். தேயிலைச் செடிக்கு அடியில் புகுந்த தட்டைத் தேடி எடுப்பதற்குள் அட்டை கடித்துவிடும். காற்று ‘வேகமாகப் போடு’ என்கிறது, சரிவு ‘மெல்லப் போடு’ என்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் பிள்ளைக்குத் தைரியம் தர வேண்டியது கூடைதான். சரியாகப் போட்டால் கூடை தட்டைப் பிடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் பிள்ளை உறுதியாக விடும்.

சரி, இப்போது சங்கிலிக்கு வருவோம்.

இப்போது இருக்கும் மடக்குக் கூடையில் ஒரே வரிசை, மெல்லிய சங்கிலி. வீட்டில் நாய் கட்டுவோமே, அந்தக் கனம். ஒருநாள் அதன் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, அண்ணன் ஒருவரை ஐந்து மீற்றரிலிருந்து போடச் சொல்லிப் பார்த்தேன். தட்டின் மூக்கு இரண்டு சங்கிலிகளுக்கு இடையில் பட்டது. இரண்டும் பக்கத்துக்கொன்றாக ஒதுங்கின. தட்டுக்குப் பின்னால் அவை மறுபடி சேர்ந்து ஒன்றோடொன்று மோதிய சத்தம்தான் நாங்கள் தூரத்தில் நின்று கேட்கும் அந்தச் சலார். சங்கிலி தட்டைப் பிடித்துவிட்டது என்று அதுவரை நினைத்திருந்த சத்தம், தட்டு அதைக் கடந்து போன சத்தமாக இருந்தது.

பட்டிங்குக்கு எறியும் தட்டு ஏறக்குறைய 175 கிராம் வரும். அதன் வேகத்தை வாங்க வேண்டுமென்றால் சங்கிலிக்குப் பாரம் வேண்டும். 3 மில்லிமீற்றர் கம்பியில் செய்த சங்கிலியை 5 மில்லிமீற்றருக்கு மாற்றினால், அதே நீளத்துக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு பாரம் ஏறுகிறது. மாடு கட்டும் சங்கிலி அந்தக் கனம்தான். சந்தை நாளில் ஒரு கட்டு வாங்கி வந்து, மடக்குக் கூடையின் முன்பக்கத்தில் மட்டும் சணல் கயிற்றால் கட்டிப் பார்த்தோம். அதே அண்ணன், அதே தூரம். தட்டு பட்டது, சங்கிலி ஒரு சாண் பின்னால் போனது, தட்டு அதன்மேல் சாய்ந்து அப்படியே வழுக்கித் தொட்டிக்குள் விழுந்தது. சத்தமும் வேறு, சலார் இல்லை, ‘டங்’ என்று அடங்கிய ஒரு சத்தம். அன்று பின்னேரம் அக்காவின் மகள் நெடுநேரம் அந்த ஒரு பக்கத்துக்கு நேரேதான் நின்று போட்டுக்கொண்டிருந்தாள்.

பாரம் மட்டும் போதாது, எண்ணிக்கையும் வேண்டும். தரமான கூடைகளில் மேல்வளையம் 55 சென்ரிமீற்றர் அளவில் இருக்கிறது. அதன் சுற்றளவு 173 சென்ரிமீற்றர். பன்னிரண்டு சங்கிலி தொங்கவிட்டால் ஒன்றுக்கொன்று 14 சென்ரிமீற்றர் இடைவெளி, பதினெட்டு என்றால் பத்துக்கும் குறைவு. தட்டின் அகலம் 21 சென்ரிமீற்றர். பதினெட்டு சங்கிலி இருந்தால் தட்டு எங்கே வந்தாலும் இரண்டு சங்கிலிகளையாவது தொடாமல் போக முடியாது. அதற்குள்ளே இன்னொரு வரிசை இருந்தால், வெளி வரிசையில் வேகம் குறைந்து உள்ளே வரும் தட்டை அது கம்பத்தில் மோதாமல் தாங்கும். கம்பத்தில் நேராக மோதிய தட்டு வந்த வழியே திரும்பி வருவதைப் பார்த்தவர்களுக்கு உள்வரிசையின் அருமை தெரியும். நிரந்தரக் கூடைகளில் இப்படி இரண்டு வரிசையாக இருபதுக்கும் மேற்பட்ட சங்கிலிகள் இருப்பது சாதாரணம்.

சங்கிலிகளின் அடிமுனைகள் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். நல்ல கூடையில் எல்லா முனைகளும் கம்பத்தைச் சுற்றியுள்ள ஒரு சின்ன வளையத்தில் சேரும், அந்த வளையம் தளர்வாக இருக்கும். ஒரு சங்கிலியில் அடி விழுந்தால் வளையம் நகர்ந்து மற்றச் சங்கிலிகளையும் இழுக்கும், அடி எல்லாவற்றுக்கும் பங்கு போகும். வளையத்தை இறுக்கிப் பற்றவைத்துவிட்டால் சங்கிலி கம்பி போல விறைத்து நிற்கும். தட்டு பட்டதும் துள்ளி வெளியே போகும். உள்ளூரில் செய்விக்கும்போது முதலில் நடக்கக்கூடிய பிழை இதுதான். வெல்டிங் கடைக்காரர் நல்ல மனதோடு ‘ஆடுது தம்பி, ஒரு டச் வச்சு விடவா’ என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, வலது கைக்காரர் கவனிக்க வேண்டியது. வலது கையால் புறங்கை வீச்சில் எறிந்தால் தட்டு மேலிருந்து பார்க்கும்போது கடிகாரம் சுற்றும் திசையில் சுழலும். கம்பத்துக்கு வலப்பக்கம் போன தட்டின் இடது விளிம்பு சங்கிலியில் உராயும். அந்த விளிம்பு சுழற்சியாலும் முன்னோக்கித்தான் போகிறது, அதனால் சங்கிலி அதை அதிகமாகப் பிடித்து நிறுத்தும். இடப்பக்கம் போனால் உராயும் வலது விளிம்பு பின்னோக்கிச் சுழல்கிறது, பிடிப்பு குறைவு, தட்டு வழுக்கிக்கொண்டு போய்விடும். மெல்லிய ஒற்றை வரிசையில் இந்த வித்தியாசம் மோசமாகத் தெரியும். இடப்பக்கம் கொஞ்சம் விலகியதெல்லாம் வெளியே. பாரமான இரட்டை வரிசையில் அந்தப் பக்கமும் ஓரளவு பிடிக்கும். மழையில் தட்டும் சங்கிலியும் நனைந்தால் இரண்டு பக்கமும் பிடிப்புக் குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழையில்லாத மாதம் எங்களுக்கு எத்தனை?

தொட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். விளிம்பு நிலத்திலிருந்து 82 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது போட்டிக் கூடைகளின் அளவு, சில சென்ரிமீற்றர் கூடக் குறைய இருக்கலாம். மடக்குக் கூடையின் தொட்டி ஆழமில்லாதது. சங்கிலியில் பட்டு விழும் தட்டு விளிம்போடு விழுந்தால் துள்ளி வெளியே குதிக்கிறது. தட்டின் அகலத்துக்குக் கிட்டிய ஆழம் இருந்தால் அந்தத் துள்ளல் உள்ளேயே அடங்கும். தொட்டியின் கம்பிகளுக்கு இடையில் தட்டு சொருகிக்கொள்ளும் அளவுக்கு இடைவெளி விடக் கூடாது, வெளியிலிருந்து சொருகினால் அதுவும் கணக்கில்லை. மேல்பட்டிக்கு மஞ்சள் பூசுங்கள், மூடுபனியில் அதுதான் தெரியும்.

இனி மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

வெளிநாட்டு நிரந்தரக் கூடைதான் பட்டிங்குக்குச் சிறந்தது, இதில் எனக்கு இரண்டாவது பேச்சில்லை. இரட்டை வரிசை, ஆழமான தொட்டி, உருகிய துத்தநாகத்தில் முழுக்கி எடுத்த இரும்பு. அந்த முழுக்கு எங்கள் பனிக்கு மிகவும் முக்கியம். துருப்பிடித்த சங்கிலியின் கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஆடாமல் நின்றுவிடும், பிறகு எவ்வளவு பாரம் இருந்தும் பயனில்லை. எண்ணெய் போட்டு இளக்கினால் தட்டில் எண்ணெய் ஏறிக் கை வழுக்கும். ஆனால் விலை? 2022 இல் டாலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை போனதை யாரும் மறக்கவில்லை. கூடையின் விலையோடு கப்பல் கூலியும் தீர்வையும் சேர்ந்தால், கழகத்தின் காசு முழுவதும் ஒரே கூடையில் முடிந்துவிடும். ஒரு கூடையால் விளையாட்டு நடக்காது. பழைய இரும்பு எடுப்பவர்கள் கண்ணில் பட்டால் அதுவும் இருக்காது.

மடக்குக் கூடையின் பக்கத்திலும் நியாயம் உண்டு. எங்கள் மைதானம் கிரிக்கெட்டுக்கும் சொந்தம், திருவிழாவுக்கும் சொந்தம். தூக்கி வைத்து எடுக்கலாம். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்கலாம், பாடசாலைக்குக் கொண்டு போகலாம், யாரிடமும் அனுமதி கேட்டு நிலம் தோண்டத் தேவையில்லை. கொழுந்து எடுத்துவிட்டு வந்த என் அத்தை ஒருநாள் அதன் முன்னால் நின்று, நான்கு மீற்றரிலிருந்து முதல் தட்டையே உள்ளே போட்டார். இத்தனை வருடம் திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேலால் முதுகுக் கூடைக்குள் கொழுந்து போட்ட கை அது. அந்த மெல்லிய போடுதலுக்கு மெல்லிய சங்கிலி போதும். ஆனால் எட்டு, பத்து மீற்றரில், காற்றில், உறுதியாகப் போடப் பழக வேண்டிய பிள்ளைக்கு அது நாளுக்கு நாள் பிழையான பாடம் நடத்துகிறது. அதோடு காற்றுக்குக் கூடையே சரிகிறது. அடியில் மணல் மூட்டை வைத்துத்தான் நிறுத்துகிறோம். இன்னும் இரண்டு வாங்கினால் இதே பாடம் மூன்று இடத்தில் நடக்கும்.

நாமே செய்விப்பதில்தான் எனக்கு மனம் போகிறது. மேல்வளையத்துக்கும் தொட்டிக்கும் பழைய சைக்கிள் வளையமே போதும், ஆனால் மலையில் சைக்கிள் குறைவு. வவுனியாவில் இருக்கும் மாமாவிடம் கேட்டதும் பழைய வளையங்களை பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டார். 26 அங்குலச் சைக்கிள் வளையம் வெளிப்புறம் 57 சென்ரிமீற்றர் அளவில் வருகிறது, மேல்வளையத்துக்கு அளவெடுத்தது போல. வடக்கில் ஓடும் பெரிய 28 அங்குலச் சைக்கிளின் வளையம் 65 சென்ரிமீற்றர் அளவு, தொட்டியின் வாய்க்குச் சரி. வந்த 26 அங்குல வளையத்தில் கம்பிக்கு 36 ஓட்டைகள் இருந்தன. ஓட்டை விட்டு ஓட்டை கொக்கி மாட்டினால் பதினெட்டு சங்கிலி, இடைவெளி அளக்கக்கூடத் தேவையில்லை. உள்வரிசைக்குச் சின்னப் பிள்ளைகளின் 16 அங்குல வளையம், அதில் ஒன்பது. ஒவ்வொன்றும் 60 சென்ரிமீற்றர் என்றால் எல்லாமாக 16 மீற்றருக்குக் கொஞ்சம் கூடுதலான சங்கிலி போதும். கம்பத்துக்கு ஜீ.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்.

இதிலும் குறை உண்டு. வெல்டிங் போட்ட இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும், அங்கேதான் முதலில் துரு வரும், வருடா வருடம் பெயின்ட் அடிக்க வேண்டும். இந்தக் கூடையை வைத்து அங்கீகரிக்கப்பட்ட போட்டி நடத்த முடியாது. பற்றவைக்கும் கை சரியில்லாவிட்டால் மேல்வளையம் கோணலாகி, ஒரு பக்கச் சங்கிலி தொய்ந்தும் மறுபக்கம் விறைத்தும் நிற்கும். பிறகு எந்தப் பக்கம் நின்று போடுகிறோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். இவை எல்லாம் பார்த்துப் பார்த்துத் திருத்தக்கூடிய குறைகள். மெல்லிய சங்கிலியை அப்படித் திருத்த முடியாது, முழுவதையும் மாற்றத்தான் வேண்டும்.

ஆகவே கழகக் கூட்டத்தில் நான் கேட்கப் போவது இது. உள்ளூரில் இரண்டு கூடை செய்விப்போம். காசு போதாவிட்டால் பெயின்டில் குறைக்கலாம், கொங்கிரீட்டில் குறைக்கலாம், ஒரு கூடையை அடுத்த வருடத்துக்குத் தள்ளலாம். சங்கிலியில் மட்டும் குறைக்க வேண்டாம். துத்தநாகம் பூசிய மாட்டுச் சங்கிலி, பதினெட்டும் ஒன்பதும். முதல் கூடையை மைதானத்தின் மேட்டுப் பக்கம் நடுவோம், அப்போது தவறிய தட்டு மண் அணையில் முட்டி நிற்கும், பிள்ளைகள் பயமில்லாமல் போடலாம். அது பழகிய பிறகு இரண்டாவதைச் சரிவின் ஓரத்தில். மடக்குக் கூடை பெரட்டுக் களத்துக்கும் பாடசாலைக்கும் இருக்கட்டும்.

களவுக்கும் ஒரு வழி யோசித்தோம். நிலத்தில் பெரிய குழாய்த் துண்டு ஒன்றைப் புதைத்துக் கொங்கிரீட் போட்டு, அதற்குள் கூடையின் கம்பத்தை இறக்கிப் பூட்டுப் போடுவது. பின்னேரம் பூட்டைத் திறந்து இரண்டு பேர் தூக்கினால் கழக அறைக்குள் கொண்டு போய்விடலாம். நிலம் தோண்ட, தோட்டத்தை நடத்தும் துரையின் அனுமதிக்குக் கடிதம் எழுதியாகிவிட்டது. வெல்டிங் கடையில் முதல் கூடைக்கு அளவு கொடுக்க வரும் சனிக்கிழமை போகிறோம். அக்காவின் மகளும் வருகிறாள், தட்டும் கொண்டு வருகிறாள். அடிவளையத்தைக் கட்டி முடித்ததும் கடை வாசலிலேயே நின்று எட்டு மீற்றரிலிருந்து அவள் போட்டுப் பார்ப்பாள். தட்டு உள்ளே நிற்கும் வரை கடைசி வெல்டிங்கை வைக்க வேண்டாம் என்று வெல்டிங் கடை பாஸிடம் சொல்லியிருக்கிறேன்.